போனைக் கீழே வை என்று யார் சொல்வது?

(இளைஞர் வாசிப்பு முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கைபேசியும் அன்றாட வாழ்வும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் வழக்கமாக என்ன பேசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினோம், ஒன்றாகச் சாப்பிட்டோம், இப்போது ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு தலைகுனிந்து கிடக்கிறோம் என்று ஆரம்பிப்பார்கள். பள்ளி ஆண்டு விழா முதல் தொலைக்காட்சிப் பட்டிமன்றம் வரைக்கும் இதுதான் பாட்டு.

எந்தத் திண்ணை, யார் வீட்டுத் திண்ணை என்று எனக்குக் கேட்கத் தோன்றும். என் தாத்தா அந்தத் திண்ணைக்கு எதிரே, தெருவில், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றுதான் கூலி வாங்கினார். டீக்கடையில் நமக்குத் தனிக் குவளை வைத்திருந்த காலத்தைத்தான் இவர்கள் மனிதர்கள் முகம் பார்த்துப் பேசிய காலம் என்கிறார்கள். போன் வந்துதான் மனிதர்கள் பிரிந்தார்கள் என்றால் ஊரும் சேரியும் எந்தப் போனால் பிரிந்தன?

ஆகவே பழைய பொற்காலத்துக்குத் திரும்புவோம் வாருங்கள் என்று அழைக்க நான் வரவில்லை. நமக்கு அப்படி ஒரு காலம் இருந்ததில்லை. ஆனால் இந்தப் போன் நம் நேரத்தைத் தின்கிறது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

முதலில், போன் நமக்குக் கொடுத்ததை மறைக்க வேண்டாம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டா விலை சரிந்தது. அதன் பின்னால் இருந்த லாபக் கணக்கை இன்னொரு நாள் பேசலாம். எங்கள் காலனியில் நூலகம் கிடையாது. நகரத்துப் பயிற்சி மையத்துக்குக் கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளைகள் போனில் பாடம் கேட்டுத்தான் குரூப் 4 தேர்வுக்குப் படித்தார்கள். அண்ணல் அம்பேத்கரின் ஆங்கில எழுத்துத் தொகுதிகள் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் கல்லூரியில் படித்தபோது ஒரே ஒரு தொகுதியை நாலு பேர் முறைவைத்துப் படித்தோம், அதுவும் ஜெராக்ஸ்.

இன்னும் பின்னால் போனால், கையில் கிடைத்த ஊடகத்தை இறுகப் பற்றிக்கொண்டதுதான் நம் இயக்கத்தின் வரலாறு. அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அம்பேத்கர் 1920 ஜனவரி 31இல் 'மூக்நாயக்' கொண்டுவந்தார். பெரியார் 1925 மே 2இல் 'குடி அரசு' தொடங்கினார். 1936இல் லாகூரில் ஜாத்-பட்-தோடக் மண்டல் அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையின் வாசகத்தைப் பார்த்ததும் மிரண்டுபோய் மாநாட்டையே ரத்து செய்தது. அவர் அந்த உரையைத் தன் சொந்தச் செலவில் 1500 படிகள் அச்சிட்டார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. மேடையை மறுத்தவர்களால் அச்சகத்தை மறுக்க முடியவில்லை. இன்று அந்த அச்சகம் நம் சட்டைப்பையில் இருக்கிறது. அதைத் தூக்கி எறி என்று யாராவது சொன்னால், சொல்வது யார் என்று ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். 2019 ஜூலையில் குஜராத்தின் பனாஸ்காண்டா மாவட்டத்தில் 12 கிராமங்களைச் சேர்ந்த ஒரு சாதியினர் கூடி, கல்யாணமாகாத பெண்கள் கைபேசி வைத்திருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். சாதிக்கு வெளியே கல்யாணம் நடந்தால் குடும்பத்துக்கு அபராதம் என்றும் அங்கேயே முடிவெடுத்தார்கள். இரண்டும் ஒரே கூட்டத்தில் வந்தது தற்செயல் இல்லை. பெண்ணின் கையில் போன் இருந்தால் அவள் யாரோடு பேசுகிறாள் என்பது சாதியின் கட்டுப்பாட்டிலிருந்து நழுவிப்போகிறது. அதே ஆண்டு கேரளத்தில், கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி ஒன்றின் பெண்கள் விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை போன் கூடாது என்று விதி இருந்தது. கேள்வி கேட்ட மாணவியை விடுதியை விட்டே வெளியேற்றினார்கள். அவர் உயர் நீதிமன்றம் போனார். இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கியது என்று செப்டம்பரில் தீர்ப்பு வந்தது, அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார்கள். ஒழுக்கம், படிப்பு, கவனம் என்று நல்ல பெயரில்தான் இந்தத் தடைகள் வரும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, வாழ்நாளில் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33.3 விழுக்காடு. ஆண்கள் 57.1 விழுக்காடு. "எல்லாரும் போனுக்கு அடிமை" என்கிறவர்கள் இந்த 'எல்லாரும்' யார் என்று சொல்லிவிட்டுப் பேசலாம்.

சரி, அப்படியானால் போன் நல்லது, கூட்டத்தை முடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். என் பேச்சின் முக்கியமான பகுதியே இனிமேல்தான்.

அந்தப் பழைய பத்திரிகைகளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எழுத்தறிந்தவர் குறைவு, காசு கொடுத்து வாங்குகிறவர் அதைவிடக் குறைவு. ஆகவே படிப்பகத்திலோ கடை வாசலிலோ ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள், நடுவில் நிறுத்திச் சண்டை போட்டார்கள். பத்திரிகை ஆட்களை ஒரு பெஞ்சுக்குக் கூட்டி வந்தது. நம் கையில் இருக்கும் போன் அதற்கு நேர்மாறாக, ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரைப் பத்துத் திசைக்கு அனுப்புகிறது.

இது உங்கள் மனவுறுதிக் குறைவால் நடப்பதில்லை. அப்படி நடக்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். முன்பு இணையத்தில் ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்துக்கு ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அந்த ஒரு நொடியில் "போதும்" என்று தோன்ற வாய்ப்பிருந்தது. 2006இல் அசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவே இல்லாமல் கீழே போய்க்கொண்டிருக்கும் பக்கத்தை உருவாக்கினார். பிற்பாடு அவரே அதற்காக வருந்திப் பொதுவெளியில் பேசினார். மெட்டா நிறுவனத்தின் வருமானம் ஏறத்தாழ முழுவதும் விளம்பரத்திலிருந்து வருகிறது. நீங்கள் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறீர்களோ அவ்வளவு சரக்கு அவர்களுக்கு விற்கும்.

இதில் நம்மை நேரடியாகத் தொடும் செய்தி ஒன்று இருக்கிறது. 2017 முதல் பேஸ்புக் தன் கணக்கில் ஒரு 'லைக்'குக்கு 1 புள்ளி என்றால் கோபக் குறி உள்ளிட்ட முகக்குறிகளுக்கு 5 புள்ளி கொடுத்தது. கோபத்தைக் கிளப்பும் பதிவு அதிகம் பேருக்குப் போய்ச் சேரும். 2021இல் அந்த நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வெளியே வந்தபோதுதான் இது உலகத்துக்குத் தெரிந்தது. 2020இல் கோபக் குறியின் மதிப்பை அவர்களே சுழியமாக்கிவிட்டார்கள். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். நமக்குக் கோபம் குறைவா? ஒவ்வொரு வாரமும் ஏதோ ஓர் ஊரில் ஓர் ஆணவக் கொலை, ஒரு குடிநீர்த் தொட்டி, ஒரு கோயில் வாசல். நம் கோபம் நியாயமானது, நூற்றாண்டுகள் பழையது. அந்தக் கோபத்தை ஒருவன் 5 புள்ளி போட்டுக் கடையில் வைத்து விற்றிருக்கிறான். அரிவாளைத் தூக்கிக்கொண்டு சாதிப் பெருமை பாடும் ரீல்ஸையும் இதே கடைதான் விற்கிறது. நமக்கும் அவர்களுக்கும் கடைக்காரன் ஒருவன்தான், இரண்டு பக்கமும் அவனுக்கு வியாபாரம்.

எங்கள் பகுதியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

எங்கள் பையன் ஒருவன் புது வண்டி வாங்கி, ஊர்த் தெரு வழியாக ஓட்டிக்கொண்டு வந்தான். மறித்து அடித்தார்கள். யாரோ மாடியிலிருந்து அதைப் படம் பிடித்திருந்தார்கள், ஒரு நிமிடம்கூட இருக்காது. எங்கள் வாசிப்பு வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் அப்போது 214 பேர். அன்று ராத்திரி எட்டு மணிக்குள் ஏறத்தாழ எல்லார் ஸ்டேட்டஸிலும் அந்தக் காட்சி ஓடியது. கோபமான வரிகள், நல்ல வரிகள், சிலது கவிதை மாதிரி. அரசு மருத்துவமனையில் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது ஐந்து பேர். அவன் அம்மா, பெரியம்மா, ஒரு வழக்கறிஞர், ஒரு தம்பி, நான்.

அந்த ராத்திரி செய்ய வேண்டிய வேலைகள் என்னென்ன தெரியுமா? காயங்களை மருத்துவர் ஒழுங்காகப் பதிகிறாரா என்று பார்க்க வேண்டும். வாக்குமூலம் வாங்க வரும் காவலர் சாதி சொல்லித் திட்டியதை எழுதாமல் விட்டுவிடுவார், அதை எழுத வைக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகள் முதல் தகவல் அறிக்கையில் ஏற வேண்டும். சாதிச் சான்றிதழ் நகலை வீட்டுக்குப் போய் எடுத்துவர ஒரு ஆள் வேண்டும். அந்த அம்மா மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லை, இட்லி வாங்கி வந்து ஊட்டாத குறையாகக் கொடுக்க வேண்டும். "சமாதானமாப் போயிடலாமே" என்று வருகிற பெரிய மனிதர்களை வாசலிலேயே நிறுத்த வேண்டும். ஐந்து பேருக்கு இது தாங்காது. இருபது பேர் இருந்திருந்தால் அந்தப் பெரிய மனிதர்கள் படியே ஏறியிருக்க மாட்டார்கள்.

அந்த 214 பேரைக் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. அந்தப் படம் வழக்குக்குப் பெரிய ஆதாரம். பரவியதால்தான் மறுநாள் காலையில் அதிகாரி நேரில் வந்தார். ஆனால் ஸ்டேட்டஸ் வைத்த கையோடு மனசுக்குள் ஒன்று நடக்கிறது. நம் கடமையைச் செய்துவிட்டோம் என்று உள்ளே ஏதோ அமைதியாகிவிடுகிறது. நாமும் அங்கே இருந்த மாதிரி ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. மூன்றாம் நாள் இன்னொரு ஊரிலிருந்து இன்னொரு படம் வந்தது, எல்லா ஸ்டேட்டஸும் அதற்கு மாறின. கட்டிலில் கிடந்தவனுக்கு அது முதல் வாரம்கூட முடியவில்லை.

அதன் பிறகு நீதிமன்றம். வாய்தா மேல் வாய்தா. எதிர்த்தரப்பு வேனில் வரும். முப்பது பேர் சும்மா வந்து வராந்தாவில் நிற்பார்கள், ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். எதிரே மரப் பெஞ்சில் அந்த அம்மாவும் மகனும் உட்கார்ந்திருப்பார்கள். சாட்சி சொல்ல வேண்டிய பக்கத்து வீட்டுக்காரர் அந்த முப்பது முகங்களையும் பார்த்துக்கொண்டே உள்ளே போக வேண்டும். சாட்சிகள் பிறழ்வது கூண்டில் ஏறிய பிறகு என்று நினைக்காதீர்கள், அந்த வராந்தாவிலேயே அது நடந்துவிடும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 15அ பிரிவு நல்ல பிரிவு. சாட்சிக்குப் பாதுகாப்பு, பயணச் செலவு, நடவடிக்கைகளை ஒளிப்பதிவு செய்வது எல்லாம் அதில் உரிமையாக இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டும். ஆனால் பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார ஆள் கொடுக்க எந்தச் சட்டப் பிரிவாலும் முடியாது.

"நேரில் இருப்பது" என்று இப்போதெல்லாம் மனநல வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். மூச்சைக் கவனி, தேநீரின் சூட்டை உணர் என்கிறார்கள். தப்பில்லை, தூக்கம் வராதவர்களுக்கு அது உதவலாம். நம் வரலாற்றில் நேரில் இருப்பதற்கு வேறு பொருள். சாதி என்பதே யார் எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக் கூடாது என்ற சட்டம்தானே. 1924இல் வைக்கத்தில் கேட்டது கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமை. 1927 மார்ச் 20இல் மகாடில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீர் குடித்தார்கள். அங்கே போய் உடலோடு நின்றதுதான் போராட்டம். அனுதாபக் கடிதம் எத்தனை எழுதியிருந்தாலும் அந்தக் குளம் திறந்திருக்காது.

அடுத்து நேரம். நேரம் நமக்குச் சும்மா வந்ததில்லை. பண்ணையாளுக்கு விடியலும் அந்தியும் ஆண்டையுடையது. பிள்ளை பிறந்த மறுவாரமே நாற்றங்காலில் நின்ற பாட்டிகளின் பேரப் பிள்ளைகள் நாம். ஆலைத் தொழிலாளிக்கு வாரம் 54 மணி நேரம் என்றிருந்ததை 48 ஆகக் குறைத்த 1946ஆம் ஆண்டுத் திருத்தம், அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில் கொண்டுவந்த மசோதா. அவரே பம்பாய் பரேலில் ஒற்றை அறையில் குடும்பம் முழுவதும் அடைந்து கிடக்க, எல்லாரும் தூங்கிய பிறகு படித்தவர். அமைதியாக ஒரு மணி நேரம் ஒரு புத்தகத்தோடு உட்காருவது அவருக்கு எவ்வளவு அரிதாகக் கிடைத்தது! அப்படிப் போராடி வாங்கிய மாலை நேரத்தைத்தான் நாம் ராத்திரி பத்து மணிக்குப் படுத்துக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளி ஒரு மணிக்குக் காலி செய்கிறோம். கேட்டால் ஓய்வு என்கிறோம். எழுந்திருக்கும்போது கண் எரிகிறது, அது எந்த வகை ஓய்வோ தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒரு சிக்கலைத் தாண்டிப் போகக் கூடாது. போனைத் தள்ளி வைக்க எல்லாராலும் முடியாது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் கைபேசிச் செயலியில்தான் வருகைப்பதிவு என்று கட்டாயமாக்கினார்கள். பணித்தளப் பொறுப்பாளர் ஒரு நாளைக்கு இரண்டு முறை எல்லாரையும் நிற்க வைத்துப் படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்றார்கள். எங்கள் ஏரியில் ஒரு நாள் சிக்னல் இல்லை. மண்வெட்டியோடு வெயிலில் நிற்கிற அக்கா ஒருவர் கேட்டார், "நான் நிக்கிறது உங்க கண்ணுக்குத் தெரியுது, போனுக்குத் தெரியலையா?" சண்டிகர், நாக்பூர் போன்ற நகரங்களில் தூய்மைப் பணியாளர்கள் கையில் இருப்பிடம் காட்டும் கடிகாரத்தைக் கட்டிவிட்டார்கள். அந்த வேலையில் பெரும்பாலும் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குனிந்து கூட்டுகிறவர் நிமிர்ந்து ஐந்து நிமிடம் நின்றால் அலுவலகத்தில் தெரியும். சாப்பாடு கொண்டுவரும் தம்பி போனை அணைத்தால் அன்றைய வருமானம் அணைந்துவிடும். பிரான்சில் வேலை நேரம் முடிந்த பின் அலுவலகத் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையை 2017இலேயே சட்டத்தில் சேர்த்தார்கள். இங்கே அது தனிமனித ஒழுக்கத்துக்கான அறிவுரையாக மட்டும் இருக்கிறது. கோரிக்கையாக எழுப்ப வேண்டியதை அறிவுரையாகச் சொல்வது நம் நாட்டில் பழைய வழக்கம்.

இப்போது வீட்டுக்கு வருவோம், குறிப்பாக ஆண் தோழர்களிடம் பேச வேண்டும். 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுவதாக வந்தது. அதைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம். நீங்கள் பெரியாரைப் பற்றிப் பதிவு போட்டுக்கொண்டிருக்கும் அந்தக் கூடத்துக்கும் அம்மா பாத்திரம் தேய்க்கும் இடத்துக்கும் நடுவில் பத்தடி தூரம் இருக்குமா? பெண் விடுதலைக்கு எத்தனை இதயக் குறி விழுந்தது என்று எண்ணுகிற நேரத்தில் நாலு தட்டைக் கழுவிவிடலாம். சிரிக்கிறீர்கள். சிரிக்கிற தம்பிகள் வீட்டில்தான் இது நடக்கிறது என்று தங்கைகள் தலையாட்டுகிறார்கள், இங்கிருந்தே தெரிகிறது.

என் அம்மா நகரத்தில் வீட்டு வேலை செய்தவர். அறுபது வயதுக்கு மேல்தான் ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தோம். இப்போது எனக்கு முன்னால் அவர்தான் ரீல்ஸ் பார்க்கிறார். சமையல், கோயில் திருவிழா, யாரோ ஒரு பெண் மாடு கறக்கிறது. நான் நிறுத்தச் சொன்னதில்லை. நாற்பது வருஷம் அடுத்தவர் வீட்டைப் பெருக்கியவருக்கு யாரும் வேடிக்கை பார்க்க நேரம் கொடுத்ததில்லை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த வீட்டுல உனக்குத் தட்டு எங்க வெச்சிருந்தாங்கம்மா?" என்று கேட்டால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். பின்வாசல், தனித் தட்டு, மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டது, தீபாவளிக்குப் பழைய புடவை. ஒரு கதை சொன்னால் மூன்று கதை வரும். இது எந்த இணையதளத்திலும் இல்லை. அம்மாவோடு போய்விடும். நான் எழுதி வைத்துக்கொள்கிறேன், சில நேரம் அவர் அனுமதியோடு அதே போனில் பதிவும் செய்கிறேன். உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் இப்படி ஓர் ஆள் இருக்கிறார்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் என்ன செய்கிறோம் என்று முகாம் அமைப்பாளர்கள் சொல்லச் சொன்னார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. அந்த மருத்துவமனை ராத்திரிக்குப் பிறகு நாங்கள் உட்கார்ந்து பேசினோம். வெள்ளிக்கிழமை வாசிப்பில் இரண்டு மணி நேரம் எல்லாப் போனும் ஒரு மூங்கில் கூடைக்குள் போகும் என்று முடிவெடுத்தோம். முதல் வாரமே தகராறு. ஒரு தங்கை போனைக் கொடுக்க மறுத்தாள். கூடைக்குக் கட்டுப்படாதவள் என்று இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். அப்புறம் தனியாகக் கேட்டபோது சொன்னாள், "அண்ணன் கூப்பிடும்போது ரெண்டாவது ரிங்குல எடுக்கலைன்னா, அடுத்த வாரம் இங்க வரவே விட மாட்டான்க்கா." அவள் போன் அவளுடைய கயிறு, அதை அறுக்காமல்தான் அவள் வட்டத்துக்கு வர முடிகிறது. இன்னொருவருக்குக் கைக்குழந்தை வீட்டில். இன்னொருவர் இரவுப்பணிக்கு எந்நேரமும் அழைப்பு வரலாம். இப்போது வேண்டியவர் போனை மடியில் வைத்துக்கொள்வார், காரணம் யாரும் கேட்பதில்லை. மற்றவர்கள் கூடையில் போடுகிறோம். எல்லாருக்கும் ஒரே விதி என்பது காதுக்கு இனிமையாக இருக்கும், ஆனால் ஒரே நிலைமையில் எல்லாரும் இல்லையே.

புத்தகத்தை ஒருவர் உரக்கப் படிக்கிறார், மற்றவர்கள் கேட்கிறோம். முதல் அரை மணி நேரம் கை தானாகப் பையைத் தடவும். சிலருக்கு எரிச்சல் வரும். அப்புறம் யாராவது நடுவில் நிறுத்தி, "இது எனக்குப் புரியல" என்பார்கள். குழுவில் யாரும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை, அங்கே எல்லாருக்கும் எல்லாம் புரிந்துவிடும்.

வாட்ஸ்அப் குழுவை நாங்கள் கலைக்கவில்லை. அதில் ஒரு பழக்கத்தை மட்டும் கொண்டுவந்தோம். யாராவது ஒரு வன்கொடுமைச் செய்தியைப் போட்டால் அடியில் ஒரு கேள்வி வரும்: "யார் போகிறோம்?" தூரத்து ஊர் என்றால் அங்கே யாரைத் தெரியும், வழக்குச் செலவுக்கு எவ்வளவு திரட்டலாம் என்று பேச்சு போகும். பக்கத்து ஊர் என்றால் பெயர்கள் வரும். 214 பெயர் வருவதில்லை. போன முறை 11 பேர் வந்தார்கள். குழுவில் இதயக் குறிகள் குறைந்துவிட்டன, சிலர் வெளியேறியும் விட்டார்கள். போகட்டும்.

11 பேர் என்பது கூட்டம் இல்லைதான். ஆனால் கடந்த வாய்தாவில் அந்த வராந்தாவில் மரப் பெஞ்சு நிறைந்துவிட்டது, மூன்று பேர் நிற்க வேண்டியிருந்தது. அந்த அம்மா எல்லாருக்கும் வீட்டிலிருந்து புளிசாதம் கட்டி வந்திருந்தார். பக்கத்து வீட்டுச் சாட்சிக்காரர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போனார். அன்றைக்கு அவரை விசாரிக்கவில்லை, நீதிபதி விடுப்பு.

ஆகவே மறுபடி போக வேண்டும். வருகிற புதன்கிழமை அடுத்த வாய்தா. காலை ஏழே காலுக்குப் பேருந்து நிலையத்தில், டவுன் பஸ் நிற்கும் பக்கம் நிற்போம். முகாமுக்கு வந்திருக்கிறவர்களில் வரக்கூடியவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் பெயர் கொடுங்கள், வண்டிக்கு ஆள் கணக்குச் சொல்ல வேண்டும். போனைக் கொண்டு வரலாம், நீதிமன்ற அறைக்குள் அணைத்துவிடச் சொல்வார்கள். காத்திருக்கிற நேரம் நீளம், படிக்க ஏதாவது எடுத்து வாருங்கள்.